பார்க்கப் போன கூரை

சுவர்கள் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பிய பிறகு வேங்கிக்கால் மனையில் வேலை நின்றுபோனது. காரணம் கூரை. தளம் போட்ட வீடாகக் கட்ட வேண்டும் என்றுதான் ஆதிமூலம் அஸ்திவாரம் தோண்டினான். ஆனால் அது எண்பத்திரண்டாம் வருஷம். சிமெண்ட் கண்ட்ரோலில் இருந்தது. பர்மிட்டுக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள். மழைக்கு முன்னால் மூடாவிட்டால் மண்சாந்தில் எழுப்பிய சுவர் ஊறிச் சரிந்துவிடும். தளத்தை மறந்துவிட்டால் மிச்சம் ஷீட், இல்லாவிட்டால் ஓடு. புருஷன் ஷீட் என்றான், பெண்சாதி ஓடு என்றாள்.

ஆதிமூலம் மின்வாரியத்தில் லைன்மேன். பட்டாளத்திலிருந்து திரும்பி வந்ததும் கிடைத்த வேலை. கம்பத்தில் ஏறி நின்றால் திருவண்ணாமலையின் கூரைகளெல்லாம் அவனுக்குக் கீழே கிடக்கும். மலையிலிருந்து இறங்கி வரும் குரங்குகள் ஒரு தெருவின் ஓடுகளை மத்தியானத்துக்குள் எப்படிக் கலைத்துப் போடும் என்று மேலிருந்து பார்த்தவன் அவன். ஷீட்டைக் குரங்கு ஒன்றும் செய்ய முடியாது, ஒரே நாளில் போட்டு முடித்துவிடலாம் என்பது அவன் கட்சி.

வேதா அதற்கு மசியவில்லை. அவர்கள் வாடகைக்கு இருந்த வீடே ஷீட் போட்டதுதான். சித்திரை மாதத்து மத்தியானத்தில் உள்ளே உட்கார முடியாது. நாலு வயது மகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. வெயில் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தச் சாம்பல் நிறமே வேதாவுக்குப் பிடிக்கவில்லை. போளூரில் இருக்கும் அவள் தாய்வீட்டிலிருந்து பஸ்ஸில் வரும்போது, தூரத்திலேயே சிவப்பாகத் தெரிந்து, அதோ நம் வீடு என்று சொல்லும்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

மாமியார் இருசம்மாளைக் கேட்டால், எதைப் போட்டாலும் ஒழுகாமல் இருந்தால் சரி என்பாள். அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. மகன் கல்யாணத்துக்கு முன்பே புருஷன் சடையன் இறந்துவிட, செங்கம் பக்கத்துக் கிராமத்தில் இருந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகனோடு வந்து சேர்ந்தவள். வரும்போது கண்ணாடி போட்ட ஒரு போட்டோவை மடியில் வைத்துக்கொண்டுதான் வண்டியில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் போட்டோவில் இருந்தது ஆதிமூலத்தின் தங்கை சந்திரகலா. பத்தொன்பது வயதில், வாணியம்பாடியில் சித்தி வீட்டில் தங்கித் தையல் படித்துக்கொண்டிருந்தபோது காலராவில் போய்விட்டாள். ஆதிமூலம் அப்போது பட்டாளத்தில் இருந்தான். தொற்று நோய் என்பதால் உடம்பைக் கொண்டுவர விடவில்லை, அங்கேயே எரித்துவிட்டோம் என்று சடையன் ஊரில் சொன்னார். ஆதிமூலம் லீவு கிடைத்து வந்தபோது காரியமே முடிந்திருந்தது.

அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் கன்னியாக இறந்துபோன பெண்ணைப் பூவாடைக்காரியாக வைத்துக் கும்பிடுவார்கள். ஆடி மாதம் ஒரு நாள் புதுப்புடவை வைத்து, பூச் சாத்தி, இலை போட்டுப் படைப்பார்கள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தப் படையலைச் சமைத்தவள் வேதாதான். வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தப் போட்டோவுக்கு விளக்கேற்றியவளும் அவள்தான். கர்ப்பம் தங்காமல் இரண்டு முறை கலைந்தபோது அந்த முகத்தின் முன்னால் உட்கார்ந்துதான் அழுதாள். மூன்றாவது தங்கியது. பிறந்த பெண்ணுக்குச் சந்திரகலா என்றே பெயர் வைத்தாள்.

ஓடும் மரமும் விற்ற நசீர் அகமதின் கடைக்கு வேதா போனது, ஆதிமூலத்திடம் வாதாடுவதற்கு விவரம் சேகரிக்கத்தான். நசீர் பாய் பொறுமையாகச் சொன்னார். வெறும் மங்களூர் ஓடு மட்டும் போட்டால் சூடு இறங்கும். அடியில் தட்டை ஓடு ஒரு அடுக்கு பரப்பி அதற்கு மேல் மங்களூர் ஓடு போட்டால் நடுவில் காற்று நிற்கும், வீடு குளிர்ந்திருக்கும். புது ஓட்டின் சிவப்பை நம்பக் கூடாது, மழையில் பாசி பிடித்துக் கறுத்துவிடும். பச்சைப் பெயிண்ட் அடிக்கிறவர்கள் உண்டு. அது வெயிலில் வெளுத்துப்போகும். காவி அடித்தால் நிற்கும். குரங்கைப் பற்றிக் கேட்டதும் சிரித்தார்.

“நான் இன்னா சொன்னாலும் யாபாரத்துக்குச் சொல்றேன்னுதான் உங்க வூட்டுக்காரரு நெனைப்பாரு. நீயே போயி ஜானி பாஷா வூட்டப் பாத்துட்டு வாம்மா. ரெண்டு மழை பாத்த ஓடு. ஒண்ணுகூட அசையல.”

ஜானி பாஷா ஓடு வேய்கிற மேஸ்திரி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வந்து, பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டவன். அவன் வேலைக்குப் போயிருப்பான், வீட்டில் பெண்கள் இருப்பார்கள், பயப்படாமல் போய்க் கேள் என்று நசீர் பாய் வழி சொன்னார்.

வேதா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். சந்தில் திரும்பியதுமே அந்தக் கூரை தெரிந்தது. அக்கம்பக்கத்து ஓடுகள் கறுத்துப் பல் உடைந்து கிடக்க, இது மட்டும் அழுத்தமான காவி நிறத்தில், சீப்பால் வாரிவிட்டதுபோல் வரிசை கலையாமல் இறங்கியிருந்தது. முகட்டையும் ஓரத்தையும் சுண்ணாம்புக் காரையில் பதித்திருந்தார்கள். வேதா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். இதுதான், இதே நிறம்தான் என்று மனசு சொன்னது. அதற்குள் குழந்தை கையை உதறிக்கொண்டு அந்த வீட்டு வாசலில் இருந்த துவைக்கிற கல்லின் மேல் ஏறிவிட்டது.

“சந்திரகலா, எறங்குடி. விழுந்து வைக்கப் போற.”

வாசல் திரை விலகியது. “யாரு கூப்பிட்டது?” என்று கேட்டுக்கொண்டே ஒரு பெண் வெளியே வந்தாள். முப்பது வயது இருக்கும். முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

வேதா அவள் முகத்தைப் பார்த்தாள். இடது கண்ணுக்குக் கீழே மச்சம். கொஞ்சம் மேலே தூக்கிய வலது புருவம். எட்டு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்த முகம். கன்னம் மட்டும் சதை வைத்திருந்தது.

வேதாவின் கைகள் தாமாகக் கும்பிட எழுந்தன. பாதியில் நின்றன. உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் குனிந்து அந்தப் பெண்ணின் காலைப் பார்த்தாள். கால்கள் தரையில் ஊன்றியிருந்தன. காலடியில் குட்டையாக நிழலும் விழுந்திருந்தது. வேதா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள்.

வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்த அந்தப் பெண் கையைக் கழுவிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓடி வந்தாள். உள்ளே அழைத்துப்போய்ப் பாயில் உட்காரவைத்தாள். வேதா குடித்தாள்.

“கொழந்த பேரு சந்திரகலாவா?” என்று அந்தப் பெண் கேட்டாள். கேட்ட குரலில் ஏதோ எச்சரிக்கை இருந்தது.

“எங்க நாத்தனார் பேருங்க. செத்துப்போயிட்டாங்க.” வேதா அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு சொன்னாள். “எங்க வூட்டுக்காரரு பேரு ஆதிமூலம். மாமனார் பேரு சடையன்.”

அந்தப் பெண் எதிரில் உட்கார்ந்தாள். மெதுவாக உட்கார்ந்தாள், யாரோ தோளைப் பிடித்து அழுத்தியதுபோல.

“செத்துட்டேன்னா சொன்னாங்க?”

அவள் தன் கதையைச் சொல்லச் சொல்ல, வேதாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் எங்கேயோ பக்கத்து வீட்டில் பேசுவதுபோல் கேட்டது. காலராவும் இல்லை, ஒன்றும் இல்லை. வாணியம்பாடியில் சித்தி வீட்டுக்கு எதிர்வீட்டில் ஓடு மாற்ற வந்தவன் ஜானி பாஷா. ஒரு மாதம் வேலை நடந்தது. அடுத்த வருஷம் அவனோடு போய் நிக்காஹ் செய்துகொண்டாள். சேதி கேட்டு சடையன் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. தெருவில் நின்றபடி, இனிமேல் நீ எங்களுக்கு இல்லை, பட்டாளத்திலிருக்கும் உன் அண்ணனும் அதையேதான் சொல்லிவிட்டான் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அவள் நம்பினாள். அப்பா இறந்த செய்தியும் அவளுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. புருஷனுக்கு இந்த ஊரில் வேலை கிடைத்து வந்தபோது, பிறந்த வீட்டார் எல்லாம் கிராமத்தில்தானே, யார் கண்ணில் படப்போகிறோம் என்று நினைத்தாள்.

“ஆனா அண்ணன ஒரு தடவ பாத்தேன்” என்றாள். போன வருஷம் காற்றில் கம்பி அறுந்தபோது இந்தச் சந்துக் கம்பத்தில் ஏறி ஒட்டவைத்தவன் ஆதிமூலம். அவள் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அவன் கீழே இறங்குவதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு, அவன் சைக்கிள் போகிற சத்தம் கேட்கும்வரை கதவின் மேல் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

வேதாவால் அடக்க முடியவில்லை. பூவாடைக்காரி, ஆடிப் படையல், விளக்கு, குழந்தைக்காக வேண்டிக்கொண்டது எல்லாவற்றையும் சொன்னாள். இப்போது திகைத்துப்போனது அந்தப் பெண். வாயைத் திறந்தவள் மூடவில்லை.

“எனக்கா? எனக்குப் புடவ வச்சுப் படைக்கிறீங்களா?”

“வருஷா வருஷம்ங்க. வடை, பாயசம், கத்திரிக்கா மொச்சக் கொழம்பு.”

“மொச்சயா? மொச்ச எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே ஆகாதே” என்றாள் அவள். சொல்லும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள். “அம்மாவுக்கு அது தெரியுமே.”

உள்ளிருந்து ஒரு சின்னப் பெண் தூக்கம் கலைந்து, அம்மி என்று கூப்பிட்டுக்கொண்டு வந்து அவள் மடியில் விழுந்தாள். வேதா தன் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். இவ்வளவு நாள் தன் வேண்டுதலை யார் கேட்டது? யாருக்காக விளக்கு எரிந்தது? இந்தக் குழந்தையை யார் கொடுத்தது? யோசிக்க யோசிக்க, உட்கார்ந்திருந்த பாயை யாரோ உருவிக்கொண்டுபோனதுபோல் இருந்தது. கூரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்பதே அவளுக்கு நினைவில்லை.

சாயங்காலம் ஆதிமூலம் சைக்கிளை நிறுத்தும்போதே சொல்லிவிட்டாள். வெயிலில் அலைந்து மூளை கலங்கிவிட்டதா என்றான் அவன். கண்ணுக்குக் கீழே மச்சம் இருக்கிறவர்கள் ஊரில் ஆயிரம் பேர் என்றான். அவள் கம்பத்தைப் பற்றிச் சொன்னாள். பள்ளிவாசல் பின்சந்து, காற்றில் அறுந்த கம்பி. அவன் கையிலிருந்த கட்டிங் பிளேயரைப் பையில் வைக்கப் போனவன் வைக்காமலே நின்றான். பிறகு விறுவிறுவென்று பின்பக்கம் போனான்.

இருசம்மாள் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மகன் எதிரில் நின்று, கலா உயிரோடு இருக்கிறாளாமே என்றான். இல்லை என்று சொல்லப்போகிறாள், திட்டப்போகிறாள் என்றுதான் வேதா எதிர்பார்த்தாள். இருசம்மாளின் விரல்கள் அரிசியில் அப்படியே நின்றன. அவள் மகனைப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்தாள்.

“பாத்தியா நீ? உடம்பு நல்லாருக்குதா அவளுக்கு?”

ஆதிமூலம் பின்னால் சாய்ந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். போரில் பக்கத்தில் குண்டு விழுந்ததைப் பார்த்தவன் அவன். அதைப் பற்றிச் சாதாரணமாகச் சொல்வான். இப்போது அந்த நிலையை விடாமல் பிடித்துக்கொண்டே கேட்டான்.

“ஒனக்குத் தெரியுமா? தெரிஞ்சேதான் எனக்குக் காரியம்னு சொன்னீங்களா?”

இருசம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். அவ்வளவு நீளமாக அவள் பேசி வேதா அதற்கு முன் கேட்டதில்லை.

“ஒங்கப்பாதான் சொன்னாரு, இனிமே அவ பேர இந்த வூட்ல எடுத்தா நான் கெணத்துல உழுந்துடுவேன்னு. செத்துட்டான்னு ஊருக்குச் சொல்லிட்டாரு. நான் இன்னா பண்றது? பூவாடைக்காரியாக் கும்புடறேன்னு நான்தான் கேட்டேன். சரின்னாரு. சமைக்கறது அவருக்குப் புடிச்சதாத்தான் இருக்கணும்னாரு, அதுக்கும் சரின்னேன். அந்த ஒரு நாளுதான் அவ பேரச் சொல்லி வாய்வுட்டு அழ முடியும். வேற எந்த நாளு அழுதாலும் எதுக்குன்னு கேப்பாங்க இல்ல?”

ஆதிமூலம் வெளியே போனான். வேதா பின்னாலேயே போய்ப் பார்த்தாள். வேங்கிக்கால் மனையில், கூரையில்லாத சுவர்களுக்கு நடுவே, செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தான். பட்டாளத்திலிருந்து லீவில் வந்த அன்றைக்கு அப்பா தன் தோளைப் பிடித்துக்கொண்டு எப்படி அழுதார் என்பதை மட்டும் சொன்னான். நிஜமான கண்ணீர் என்றான். அதை மறுபடி மறுபடி சொன்னான்.

அதன் பிறகு இரண்டொரு நாள் அவன் அம்மாவிடம் பேசவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது. வேதா தீப்பெட்டியை எடுத்தாள், போட்டோவைப் பார்த்தாள், வைத்துவிட்டாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆதிமூலம் தானாகவே, போய்ப் பார்க்கலாம் வா என்றான்.

சந்துக்குள் நுழைந்ததும் அவன் கம்பத்துக்கு அடியிலேயே நின்றுவிட்டான். வேதாதான் போய்த் திரையை விலக்கிக் கூப்பிட்டாள். தங்கை வெளியே வந்தாள். இரண்டு பேரும் தெருவின் அகலத்தை நடுவில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவன் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். பதினோரு வருஷமாகச் சாம்பலாகிவிட்டாள் என்று நம்பிய உடம்பு.

“அன்னிக்கிக் கம்பத்து மேல இருக்கும்போது ஒரு தடவ கூப்புட்டிருக்கலாம் இல்ல?” என்றான். குரல் கோபமாகத்தான் வந்தது.

“நீ மூஞ்சத் திருப்பிக்கினு போயிட்டா நான் இன்னாண்ணா பண்ணுவேன்? கூப்புடாம இருந்தா, கூப்புட்டிருந்தா வந்திருப்பான்னாவது நெனச்சிக்கலாம்.”

அவன் அதற்கு மேல் நிற்கவில்லை. போய் அவள் தலையில் கையை வைத்தான். வைத்த கையை எடுக்கத் தெரியாமல் அப்படியே நின்றான்.

ஜானி பாஷா வீட்டில் இருந்தான். மெலிந்த, கூச்சமான ஆள். டீ வந்தது. இரண்டு ஆண்களும் எதைப் பேசுவது என்று தெரியாமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வேதா, இந்தக் கூரையைப் பார்க்கத்தான் நான் முதலில் வந்தேன் என்றாள். ஜானி பாஷாவுக்கு உயிர் வந்தது. ஏணியைச் சாத்தினான். ஆதிமூலம் பின்னாலேயே ஏறினான். ஓரத்துக் காரையை உதைத்துப் பார்த்தான், ஓட்டைப் பிடித்து அசைத்துப் பார்த்தான், ஷீட்டைப் பற்றித் தன் வாதங்களையெல்லாம் சொன்னான். ஜானி பாஷா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். கீழே நின்றிருந்த பெண்களுக்கு அவர்கள் குரல் சண்டைபோல் கேட்டது. இறங்கி வந்தபோது, அடியில் தட்டை ஓடு, மேலே மங்களூர் ஓடு, காவி நிறம் என்று முடிவாகியிருந்தது. வேய்வது ஜானி பாஷா.

கிராமத்துக்குச் சேதி போகாமல் இருக்குமா? சடையனின் தம்பி பலராமன் வந்து தெருவிலேயே நின்று, செத்தவளென்று படையல் போட்டுக் கும்பிட்டது நாங்களும்தான், எங்களை எல்லாம் கோமாளியாக்கிவிட்டீர்கள் என்று கத்திவிட்டுப் போனார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கிரகப்பிரவேசத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வரப்போவதில்லை என்பது தெரிந்துபோனது.

இத்தனை நடந்தும் இருசம்மாளும் மகளும் பார்த்துக்கொள்ளவே இல்லை. கிழவி போகவில்லை, எந்த முகத்தோடு போவது என்றாள். மகளும் கூப்பிடவில்லை. அப்பா பொய் சொன்னார், சரி. அம்மாவுக்கு வழி தெரியாதா, வாணியம்பாடிக்கு ஒரு பஸ் கிடையாதா என்று வேதாவிடம் கேட்டாள்.

ஓடு வேய்ந்த அன்றைக்கு எல்லோரும் மனையில் இருந்தார்கள். ஜானி பாஷா முகட்டில் உட்கார்ந்திருந்தான். ஆட்கள் கைமாற்றிக் கைமாற்றி ஓடுகளை மேலே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இருசம்மாள் வேப்பமர நிழலில் உட்கார்ந்து பேத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது புருஷனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு மகள் வந்தாள். அம்மா இருப்பாள் என்று அவள் நினைக்கவில்லை. தூக்குப் பாத்திரத்தோடு அப்படியே நின்றாள்.

இருசம்மாள் எழுந்தாள். எழுந்து இரண்டு எட்டு வைத்தவள், அதற்கு மேல் போகப் பயந்ததுபோல் நின்றாள். மேலே ஓடு அடுக்குகிற சத்தம் நின்றுவிட்டது.

“கலா” என்றாள்.

“அந்தப் பேருக்காரிய நீங்கதான் கொளுத்திட்டீங்களேம்மா.” மகள் குரலை உயர்த்தவில்லை. “எம்பேரு ரஹமத்துன்னிசா.”

கிழவி அங்கேயே விழுந்துவிடுவாள் என்று வேதாவுக்குத் தோன்றியது. ஆதிமூலம் சாரத்திலிருந்து குதித்து இறங்கினான். ஆனால் இருசம்மாள் விழவில்லை, அழவும் இல்லை. அந்தப் பெயரைக் காதில் வாங்கிக்கொண்டு, அது என்ன என்று பார்ப்பதுபோல் நின்றாள். பிறகு உதட்டை நனைத்துக்கொண்டாள்.

“ரகமத்...” என்றாள். நாக்கு புரளவில்லை. “ரகமத்தி...”

“ரஹமத்துன்னிசா.”

“ரகமத்துனி...” மறுபடி நின்றது. கிழவி தலையை ஆட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். “ரகமத்து.”

மகள் அவளையே பார்த்தாள்.

“சரி, அவ்ளோவே போதும்” என்றாள். தூக்குப் பாத்திரத்தை வேதாவிடம் கொடுத்துவிட்டு, நிழலில், அம்மா எழுந்த இடத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.